தட்டின் கடைசியில் ஒரு பெயர்

1902 நவம்பரில் கல்கத்தாவில் ஓர் ஓட்டல் அறை ஒலிப்பதிவுக் கூடமாக மாறியது. லண்டனிலிருந்து வந்திருந்த ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க், கிராமபோன் அண்ட் டைப்ரைட்டர் கம்பெனிக்காக இந்தியக் குரல்களைத் தேடிக்கொண்டிருந்தார். மைக் என்ற கருவி ஒலிப்பதிவுக்கு வராத காலம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய புனலுக்குள் முகத்தைக் கொடுத்துப் பாட வேண்டும். அந்த அதிர்வு ஓர் ஊசியை அசைக்கும், ஊசி மெழுகைக் கீறும். ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்குள் ராகம், பாட்டு, முடிவு எல்லாம் அடங்கிவிட வேண்டும். அப்படிப் பாடியவர்களில் ஒருவர் கௌஹர் ஜான். பாட்டு முடிந்த கையோடு அவர் இன்னொன்றும் செய்தார். தன் பெயர் கௌஹர் ஜான் என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார்.

இதற்குக் காரணம் உண்டு. அந்த மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்குப் போய்த்தான் இசைத்தட்டாக அச்சாகி வரும். அங்கே இருக்கும் தொழிலாளிக்கு இந்துஸ்தானியும் தெரியாது, வங்காளியும் தெரியாது. எந்தத் தட்டு யாருடையது என்று அவர் கண்டுபிடிக்க, பாடியவரே பெயரைச் சொல்லிவிடுவது எளிய வழி. தென்னிந்தியாவில் பதிவான தொடக்க காலத் தட்டுகள் சிலவற்றிலும் இந்த வழக்கம் உண்டு.

நான் பாட்டுக்காரி இல்லை, ப்ரோக்ராமர். திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குப் பின்புறத் தெரு ஒன்றில் வீடு. பகலில் வேறொரு ஊர்க் கம்பெனிக்காகத் தரவுத்தளங்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. இரவில், நண்பர்களிடமிருந்தும் சேகரிப்பாளர்களிடமிருந்தும் வந்து சேர்ந்த பழைய கிராமபோன் பாடல் கோப்புகளை ஒழுங்குபடுத்துவது என் ஆசை. என் தொழிலில், ஒரு கோப்பைப் பற்றிய தகவலை மெட்டாடேட்டா என்போம். கௌஹர் ஜான் செய்தது அதைத்தான். பாட்டையும் பாடியவரின் பெயரையும் ஒரே கீறலில், பிரிக்க முடியாதபடி பதித்தார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தொழில்நுட்பமும் அந்த இரண்டையும் எப்படிப் பிரித்தது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில், இந்தப் பெண்கள் யார்? வடக்கே கௌஹர் ஜான் தவாயிஃப் மரபில் வந்தவர். தெற்கே சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் தேவதாசி மரபுக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெரிய வித்வான்கள் பலர் அந்தப் புனலைப் பார்த்துத் தயங்கினார்கள். குரல் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், தன் பாட்டு கண்ட இடத்தில் ஒலிக்குமே என்ற கௌரவம் மறுபக்கம். ‘குடும்பப் பெண்கள்’ வெளியில் பாடவே கூடாது என்ற காலம் அது. பாடிச் சம்பாதித்துத் தன் வீட்டைத் தானே நடத்திய பெண்களுக்கு இந்தத் தயக்கம் குறைவு. சபை நிறையும்படி குரலை எழுப்பப் பழகியவர்கள் என்பதால் அந்தப் புனலுக்கும் அவர்கள் குரல் பொருந்தியது. தமிழ்நாட்டில் ஒலிப்பதிவு என்ற தொழிலின் முதல் பத்தாண்டுகள் பெருமளவுக்கு இவர்கள் தொண்டையில் நின்றன.

இவர்கள் பெயர்களைக் கவனியுங்கள். சேலம், கோயம்புத்தூர், பெங்களூர் என்று ஊர் முன்னால் நிற்கிறது. தகப்பன் பெயரோ கணவன் பெயரோ இல்லை. இவர்களுக்கு அடுத்த தலைமுறையில் இனிஷியல் வந்தது. அங்கேதான் எனக்குச் சுவாரசியம் கூடுகிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘எம்’ மதுரை, ‘எஸ்’ அவர் அம்மா வீணைக் கலைஞர் சண்முகவடிவு. எம்.எல். வசந்தகுமாரியின் ‘எல்’ அவர் அம்மா பாடகி லலிதாங்கி. கே.பி. சுந்தராம்பாளின் ‘கே’ கொடுமுடி, ‘பி’ அவர் அம்மா பாலாம்பாள். தமிழ்நாடு முழுக்க வானொலிப் பெட்டியில் கேட்ட இந்த எழுத்துகளுக்குள் மூன்று அம்மாக்கள் இருக்கிறார்கள். டி.கே. பட்டம்மாள் பிராமணக் குடும்பத்திலிருந்து மேடைக்கு வந்த முன்னோடிகளில் ஒருவர். அவருடைய இனிஷியலில் தாமல் என்ற ஊரும் அப்பா கிருஷ்ணசுவாமியும் இருக்கிறார்கள். ஓர் எழுத்தைப் பார்த்து ஒரு சமூக வரலாற்றையே படித்துவிடலாம்.

இதை ஒரு மென்பொருள் எப்படிப் பார்க்கும்? ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு பெட்டி. இனிஷியலைக் கொண்டுபோய் எந்தப் பெட்டியில் போடுவது? ஒருவர் புள்ளி வைத்து எழுதுவார், ஒருவர் இடைவெளி விடுவார், ஒருவர் சேர்த்து எழுதுவார். ஒரே பாடகி மூன்று ஆளாகிவிடுவார். தரவைச் சுத்தம் செய்கிறேன் என்று உட்காரும் ப்ரோக்ராமர் முதலில் புள்ளிகளைத் துடைப்பார், பிறகு ஒற்றை எழுத்துகளைத் துடைப்பார். சண்முகவடிவும் லலிதாங்கியும் பாலாம்பாளும் ‘இரைச்சல்’ என்று கழிக்கப்படுவது இப்படித்தான். அதே ப்ரோக்ராமர் பகலில் எழுதும் விண்ணப்பப் படிவத்தில் ‘தந்தை அல்லது கணவர் பெயர்’ என்ற பெட்டி கட்டாயம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. கருவிக்கு அரசியல் கிடையாது என்று என் அலுவலக நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் நான் இந்தப் பெட்டியை நினைத்துக்கொள்வேன்.

பெயர் தொலைவது கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது. கோயம்புத்தூர் தாயி 1872இல் பிறந்து 1917இல் மறைந்தவர். அவருடைய இசைத்தட்டுகள் பாரிஸ் வரை போயின. அங்கே மோரிஸ் டெலாஜ் என்ற இளம் இசையமைப்பாளர் அவற்றைக் கேட்டு மயங்கி, 1912இல் இந்தியாவுக்கே பயணம் வந்தார். ஊர் திரும்பி அவர் எழுதிய இசைக்கோவைகளில் ஒன்றின் பெயர் ‘ராகமாலிகா’. தாயியின் தட்டு ஒன்றைக் கேட்டு, அதன் போக்கைப் பியானோவுக்கு மாற்றிய படைப்பு அது. பியானோவின் ஒரு தந்தியை அட்டை வைத்து மந்தமாக்கித் தாள வாத்தியத்தின் ஓசையை வரவழைக்க முயன்றார். பியானோவுக்குள் பொருள்களை வைத்து ஒலியை மாற்றும் உத்திக்கு இது மிக முந்தைய எடுத்துக்காட்டு என்று மேற்கத்திய இசை வரலாற்றில் பேசப்படுகிறது. இன்று ஒரு பாடல் செயலியில் அந்தப் படைப்பைத் தேடினால் இசையமைப்பாளர் பெட்டியில் டெலாஜ் இருப்பார், கலைஞர் பெட்டியில் பியானோ வாசித்தவர் இருப்பார். தாயிக்கு அங்கே ஒரு பெட்டியே கிடையாது. டெலாஜ் திருடினார் என்று நான் சொல்லவில்லை. அவர் தாயியைத் தேடிக் கடல் கடந்து வந்த ரசிகர். ஆனால் ‘இயற்றியவர்’, ‘வாசித்தவர்’ என்ற இரண்டே பெட்டிகள் உள்ள உலகத்தில், பாடும்போதே ராகத்தை விரித்து உருவாக்குகிறவளுக்கு இடம் இல்லை.

கணினிக் காலத்துக்கு வருவோம். 1980களின் கடைசியில் ஜெர்மனியில் எம்பி3 முறையை உருவாக்கிக்கொண்டிருந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், அதைச் சோதிக்க ஒரு பெண் குரலை எடுத்துக்கொண்டார். சுசான் வேகா வாத்தியம் ஏதும் இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’. தனித்து ஒலிக்கும் அந்தக் குரல் சிதையாமல் வரும்வரை அவர் கணக்கைத் திருத்திக்கொண்டே இருந்தார். கிராமபோன் ஜெர்மனியில் அச்சாகி வந்தது, எம்பி3யும் அங்கிருந்தே வந்தது. இரண்டு முறையும் பெண்ணின் தொண்டையை வைத்தே கருவியின் தரம் பார்த்தார்கள் என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. வேகாவின் பெயராவது நிலைத்தது. அவரை ‘எம்பி3யின் தாய்’ என்று கூப்பிடுகிறார்கள்.

எம்பி3 கோப்புக்குள் பாட்டு இருந்தது, பாடியவர் பெயருக்கு இடம் இருக்கவில்லை. 1996இல் அதற்கு ஒரு தீர்வு வந்தது. ஐடி3 என்ற சிறிய குறிப்பைக் கோப்பின் வாலில் ஒட்டினார்கள். மொத்தம் 128 பைட். பாட்டின் பெயருக்கு 30, கலைஞரின் பெயருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4 என்று பங்கீடு. கிராமபோன் தட்டின் வாலில் கௌஹர் ஜான் பெயரைச் சொன்னார். தொண்ணூறு சொச்சம் ஆண்டுகள் கழித்துக் கணினிக்காரர்களும் பெயரைக் கொண்டுபோய் வாலிலேயே வைத்தார்கள். இந்த ஒற்றுமையைக் கண்டபோது நான் தனியாகச் சிரித்தேன்.

ஆனால் அந்த 30 பைட் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துப் போட்ட அளவு. யூனிகோடில், நாம் வழக்கமாகச் சேமிக்கும் முறைப்படி, ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் தேவை. மெய்யும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு, துணைக்காலும் கொம்பும் தனிக் குறியீடு. கணக்குப் போட்டுப் பார்த்தால் ‘கோயம்புத்தூர் தாயி’ என்ற பெயருக்கு 52 பைட் வேண்டும். 30 பைட்டில் அது ‘கோயம்புத்த’ என்று நின்றுவிடும். ஊர் பாதியில் முறியும், தாயி மொத்தமாகக் காணாமல் போவார். பாட்டின் வகையைக் குறிக்க அந்த முறை எண்பது வகைகளைப் பட்டியலிட்டது. ராக், ஜாஸ், டிஸ்கோ எல்லாம் உண்டு, கர்நாடக இசை கிடையாது. பிறகு வந்த பதிப்புகளில் இந்த வரம்புகள் தளர்ந்தன. அதற்குள் ஆயிரக்கணக்கான கோப்புகள் ‘தெரியாத கலைஞர்’ என்ற பெயரோடு ஊர் சுற்றத் தொடங்கிவிட்டன.

இன்றைய பழக்கம் இன்னும் வேகமானது. பழைய பாட்டின் நடுவிலிருந்து முப்பது விநாடியை வெட்டி, மழை பெய்யும் படத்தோடு சேர்த்துப் பகிர்கிறார்கள். ‘அரிய குரல்’, ‘பாட்டி காலத்துக் குரல்’ என்று தலைப்பு. பெயர் தட்டின் கடைசியில் இருக்கிறது. கடைசிவரை யாரும் போவதில்லை. என்னிடம் வந்த கோப்புகள் சிலவற்றில், அறிவிப்பு பாட்டோடு சேர்ந்ததில்லை என்று யாரோ அந்தக் கடைசி விநாடிகளையே கத்தரித்திருந்தார்கள். அந்தப் பெண் தன் குரலில், பாட்டாக இல்லாமல் பேச்சாக விட்டுப்போன ஒரே வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

ரமணாசிரமத்தின் பக்கத்தில் குடியிருப்பதால் குரல், பதிவு, பெயர் என்ற மூன்றையும் இன்னொரு கோணத்திலும் யோசிக்க நேர்கிறது. மாலையில் பாராயணச் சத்தம் எங்கள் தெருவரை வரும். ரமணரின் அட்சரமணமாலை 108 கண்ணிகள், அருணாசலத்தைக் காதலனாகப் பாவித்துப் பெண் பாடுவதாக அமைந்தவை. அவர் விருபாட்ச குகையில் இருந்த காலத்தில் பிச்சைக்குப் போன அடியார்கள் பாடிக்கொண்டு போவதற்காகப் பிறந்தது என்பார்கள். பக்தி மரபில் ஆண்கள் பெண் குரலை எடுத்துக்கொண்டு பாடுவது புதிதல்ல, ஆழ்வார்களும் செய்ததுதான். அதே ஊரில், அதே காலத்தில், ஒரு பெண் தன் சொந்தக் குரலில் சபையில் பாடிக் கூலி வாங்கினால் அவளுக்கு வேறு பெயர் வைத்தார்கள்.

1950இல் மறைந்த ரமணரின் அசையும் படங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவர் பேசும் குரலின் ஒலிப்பதிவு இல்லை. அவருடைய கடைசி ஆண்டுகளில் அந்தக் கூடத்தில் என்ன பேச்சு நடந்தது, அவர் எப்போது சிரித்தார், யாரைக் கேலி செய்தார் என்பதை நாம் அறிவதற்கு ஒரு முக்கியக் காரணம் சூரி நாகம்மா. சிறு வயதில் கணவனை இழந்த தெலுங்குப் பெண். 1945 முதல் தன் அண்ணனுக்குத் தெலுங்கில் கடிதங்களாக எழுதிக்கொண்டே இருந்தார். பெண்கள் இரவில் ஆசிரமத்துக்குள் தங்கக் கூடாது என்ற விதி இருந்த காலம். பகலில் கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு, வெளியே தன் வீட்டுக்குப் போய் எழுதினார். அந்தக் கடிதங்கள் பிறகு புத்தகமாகித் தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தன. கருவி இல்லாத இடத்தில் ஒரு பெண்ணின் நினைவு கருவியாக இருந்தது. அட்டையில் அவர் பெயரும் இருக்கிறது. அதனால்தான் அவரைப் பற்றி இங்கே என்னால் எழுத முடிகிறது.

பாடிய பெண்களின் பெயர் மறைந்ததற்குத் தொழில்நுட்பத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முத்துலட்சுமி ரெட்டியின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டப்படி ஒழிந்தது. அந்த அமைப்பின் கொடுமையை உள்ளிருந்து எழுதியவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். சிறுமிகளின் வாழ்க்கையைக் காத்த அந்தச் சட்டத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் வழக்கத்தோடு சேர்த்து அந்தப் பெண்களின் கலையையும் உழைப்பையும் அசிங்கம் என்று ஒதுக்கிய கௌரவ அரசியல் வேறு. 1940களின் பிற்பகுதியில் அகில இந்திய வானொலி, ‘ஒழுக்கம்’ சந்தேகிக்கப்பட்ட பெண் கலைஞர்களுக்குக் கதவை மூடியது. அதற்கும் முன்பே திருவையாற்றில் தியாகராஜர் சமாதியில் பெண்கள் பாட அனுமதி இல்லை. அந்தச் சமாதிக்குத் தன் சம்பாத்தியத்தில் கோயில் எழுப்பியவரே பெங்களூர் நாகரத்தினம்மாள். 1920களின் பிற்பகுதியில் அவர் பெண்களைச் சேர்த்துத் தனியாக ஆராதனை நடத்தினார். தடை தளரப் பல ஆண்டுகள் ஆயின. இந்தச் சூழலில் பல குடும்பங்கள் பாட்டியின் தட்டுகளைப் பரணில் போட்டுப் பூட்டிக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, வயது எழுபதைத் தாண்டியவர், தன் பாட்டி பாடிய தட்டின் பதிவு என்னிடம் இருப்பது தெரிந்து வீட்டுக்கு வந்தார். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். பாட்டை இரண்டு முறை கேட்டார். கடைசியில் பாட்டி தன் பெயரையும் ஊரையும் சொல்லும் இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். “இத எல்லாரும் கேக்குற மாதிரி போடப்போறியாம்மா?” என்று கேட்டார். ஆமாம், பாட்டியின் பெயரோடு போடலாம் என்று இருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“பேரு இருக்கட்டும். ஊரு வேணாம். ஊரையும் பேரையும் சேத்துப் போட்டா எங்க சம்பந்தி வீட்ல கண்டுபுடிச்சிடுவாங்க. பேத்திக்கு இப்பத்தான் வரன் பாக்குறாங்க.”

தன் ஊரையும் பெயரையும் சேர்த்து உரக்கச் சொன்ன பாட்டி. நூறாண்டு கழித்து அந்த இரண்டையும் பிரிக்கச் சொல்லும் பேத்தி. பெயரை மீட்பதே பெண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, யாருடைய விருப்பம் பெரிது என்ற கேள்வி அன்றைக்குத்தான் எதிரே வந்து உட்கார்ந்தது. பாட்டிக்கு அந்தப் பெயர் தொழில், பெருமை, அடுத்த கச்சேரிக்கான விளம்பரம். அக்காவுக்கு அது எந்த நேரமும் யாராவது தூக்கிக் காட்டக்கூடிய சாதிச் சான்றிதழ். தேடுபொறியில் இரண்டு சொல்லைப் போட்டால் ஒரு குடும்பத்தையே வெளியே இழுத்துவிடலாம் என்ற இந்தக் காலத்தில், வெளிப்படையாக இருப்பதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்காமல் ஆவணம் சேர்க்க முடியாது. என் குடும்பத்துக்கு அந்த விலை இல்லை. அதனால் முடிவை நான் எடுக்கக் கூடாது.

ஆகவே என் அட்டவணையின் வடிவத்தை மாற்றினேன். ‘முதல் பெயர், கடைசிப் பெயர்’ இரண்டையும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ‘அவர் சொன்ன பெயர்’ என்று ஒரு பெட்டி. தட்டின் முடிவில் குரல் என்ன சொல்கிறதோ, அந்த உச்சரிப்பிலேயே அதில் எழுதுவேன். ‘தட்டில் அச்சான பெயர்’ இன்னொரு பெட்டி. இரண்டும் வேறுபட்டால் வேறுபாடு அப்படியே நிற்கட்டும். இனிஷியலை விரித்தெழுத ஒரு பெட்டி, அதில் அம்மாவோ அப்பாவோ ஊரோ யார் இருக்கிறார்களோ அவர்கள் வருவார்கள். தட்டின் நடு வளையத்தில் பொறித்திருக்கும் பதிவு எண்ணை ஒவ்வொரு வரிசைக்கும் அடையாளமாக வைத்தேன். பெயர் எப்படி மாறினாலும் அந்த எண் மாறாது. சாதிக்குப் பெட்டி வைக்கவில்லை. ‘தேவதாசிப் பாடல்கள்’ என்று ஒரு வகையை உருவாக்கச் சொன்ன நண்பருக்கு, ஆண் வித்வான்களின் பாட்டை அவர்கள் சாதிப் பெயரில் வகைப்படுத்துவாயா என்று பதில் எழுதினேன்.

தரவுத்தளத்தில் ஒரு பெட்டி காலியாக இருப்பதற்குப் பல அர்த்தங்கள் உண்டு. தெரியாது என்பது ஒன்று. பொருந்தாது என்பது இன்னொன்று. தெரியும், சொல்ல விருப்பமில்லை என்பது மூன்றாவது. பெரும்பாலான மென்பொருள்கள் மூன்றையும் ஒரே வெற்றிடமாகக் காட்டும். பிறகு ஏதாவது ஒரு தானியங்கி நிரல் வந்து, எங்கிருந்தோ தகவலைப் பொறுக்கி அந்த வெற்றிடத்தை நிரப்பிவிட்டுப் போகும். அக்காவின் பாட்டியுடைய வரிசையில் பெயர் இருக்கிறது, பாட்டு இருக்கிறது. கடைசி அறிவிப்பு வெட்டப்படவில்லை, ஊர் வரும் பகுதி மட்டும் பொதுப் பிரதியில் ஒலிக்காது. ஊர்ப் பெட்டியில் ‘குடும்பத்தின் விருப்பப்படி’ என்று எழுதிப் பூட்டியிருக்கிறேன். முழுப் பதிவு அக்காவின் கைபேசியில் இருக்கிறது. என்றைக்காவது அவருடைய பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ வந்து ஊரையும் போடுங்கள் என்று சொன்னால், அந்தப் பூட்டைத் திறக்கும் உரிமை அவர்களுக்கு மட்டும் என்று பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்.